விசுவாசத்தில் தனியாக நிற்கும்போது என்ன செய்வது

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருக்கலாம். அல்லது வீடு முழுக்கக் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைக்குப் போய் வந்ததோடு அவர்களுக்கு அந்த விஷயம் முடிந்துவிடுகிறது, உங்களுக்கு முடிவதில்லை. இன்னும் சிலர் இருக்கிறார்கள், நிறையப் பேர் சேர்ந்து பாடுகிற ஆராதனைக்கு நடுவே நின்று கைதட்டிக்கொண்டே, "என் மனதில் ஓடுவதை இவர்களில் யாரிடம் சொல்ல முடியும்?" என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். இந்த மூன்று பேரிடமும் "நிறைய ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் சொல்கிறோம். தப்பான பேச்சில்லை, ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு நாளைக் காலை என்ன செய்வது என்று தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள்

1 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது, மழையும் வந்தது. அடுத்த அதிகாரத்திலேயே யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். நாமாக இருந்தால் அந்த மனுஷனுக்கு உடனே ஒரு பிரசங்கம் வைத்திருப்போம். தேவதூதன் வைக்கவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் அவன் சொன்ன ஒரே காரணம். இந்த மனுஷன் ஏன் இப்படிச் சோர்ந்துபோனான் என்ற விசாரணையே அங்கே கிடையாது.

அதனால் "நான் மட்டும்தான்" என்ற எண்ணம் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால் அதோடு வாதாடாதீர்கள், தூங்கப் போங்கள். தூக்கம் கெட்டு, வேளைக்குச் சாப்பிடாமல், நாலு நாளாக யாரோடும் பேசாமல் இருக்கிற ஒருவருக்கு எந்த விசுவாசமும் பொய் மாதிரிதான் தோன்றும். இதை ஆவிக்குரிய தோல்வி என்று எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் உபவாசத்தை வேறு ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

அந்த அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஓரேப் மலையில் எலியா, "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று இரண்டு தடவை சொல்கிறார். ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்திலேயே ஆகாப் ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரரான ஒபதியா அவரைச் சந்தித்து, கர்த்தருடைய தீர்க்கதரிசிகளில் நூறு பேரைக் குகைகளில் ஐம்பது ஐம்பது பேராக ஒளித்து வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்து வந்ததைத் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். எலியாவுக்குத் தகவல் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது கணக்கில் வரவில்லை. தனிமை இப்படித்தான் வேலை செய்கிறது. கடவுளும் கடைசியில்தான் 7000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்கைத் திருத்துகிறார். அதற்கு முன்னால் சாப்பாடு, தூக்கம், நீண்ட நடை, மனதில் இருந்ததை முழுசாகக் கொட்டுவதற்கு ஒரு வாய்ப்பு, அப்புறம் செய்வதற்கு வேலை, கூட நடக்க எலிசா என்று ஓர் ஆள். நானும் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே போகிறேன்.

எதில் தனியாக இருக்கிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். "என்னைச் சுற்றியிருப்பவர்கள் ஏற்காத, நான் மட்டும் நம்புகிற விஷயம் என்ன?" எழுதினதை அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வவல்லமையுள்ள பிதா, இயேசு கிறிஸ்து, சிலுவை, உயிர்த்தெழுதல், பாவமன்னிப்பு, நித்திய ஜீவன், இவற்றில் ஒன்றை உங்கள் வீட்டார் ஏற்கவில்லை என்றால் உங்கள் தனிமை உண்மையானது, அந்த இடத்தில் நீங்கள் நிற்கத்தான் வேண்டும். ஆனால் எழுதினது எந்த மொழிபெயர்ப்பு சரி, எந்த மாதிரிப் பாட்டுப் பாடலாம், எந்த நாளை விசேஷமாக வைக்கலாம் என்பது மாதிரியானதாக இருந்தால், ரோமர் 14ஐப் படியுங்கள். எதைச் சாப்பிடலாம், எந்த நாளை மதிக்க வேண்டும் என்று ரோமாபுரிச் சபையில் சண்டை நடந்தபோது பவுல் ஒரு பக்கத்தை ஜெயிக்கவைக்கவில்லை, அவனவன் தன் மனதிலே முழு நிச்சயத்தோடு இருக்கட்டும், ஆனால் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருக்கட்டும் என்றார்.

இதைச் சொல்வது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். சிலருடைய தனிமைக்கு விசுவாசம் காரணமில்லை, அவர்கள் பேசுகிற விதம்தான் காரணம். எல்லா உரையாடலையும் திருத்தலாக மாற்றுகிறவரிடம் யாரும் நெருங்கிவர மாட்டார்கள், அதற்கு 'உபத்திரவம்' என்று பெயர் வைப்பது நியாயமில்லை. உங்களுக்கு இது பொருந்துமா என்று உங்களை நேசிக்கிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

தினமும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக

தனியாக இருப்பவர் செய்கிற பெரிய தவறு, உணர்ச்சி பொங்குகிற நாளில் பெரிய தீர்மானம் எடுப்பது. காலையில் ஒரு மணி நேரம் ஜெபம், ஒரு வருஷத்தில் முழு வேதாகமம், வாரம் ஒரு உபவாசம் என்று. கூட யாராவது இருந்தால் அவர்களுடைய வேகத்தில் நாமும் இழுபட்டுப் போவோம். தனியாக இருக்கும்போது அந்த இழுப்பு கிடையாது, ஆகவே மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவைத்தான் நிர்ணயிக்க வேண்டும். காய்ச்சல் வந்த நாளிலும் செய்ய முடியுமா? முடியும் என்றால் அதுதான் சரியான அளவு.

என் யோசனை இது. காலையில் எழுந்ததும் கர்த்தருடைய ஜெபம், மெதுவாக, சத்தமாக. மத்தியானம் ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை. ஆதிச் சபையிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிற 'திதகே' என்ற பழைய போதனை நூலும் இந்த ஜெபத்தை நாளைக்கு மூன்று தடவை சொல்லும்படி கற்பிக்கிறது, ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு சங்கீதம். மொத்தம் 150 சங்கீதங்கள், நாளைக்கு ஐந்து என்று போனால் 30 நாளில் முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து சங்கீதங்களைக் காலை மாலையாக 30 நாளுக்குத்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஐந்து முடியாதா, ஒன்று போதும். நம் சொந்த வார்த்தையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு எழுதிவைத்த ஜெபம் உயிரில்லாததாகத் தெரியலாம். ஆனால் சொந்த வார்த்தை வற்றிப்போன வாரங்களில் நீங்கள் வேறு எதை ஜெபிக்கப் போகிறீர்கள்? நீங்கள் சொல்கிற அதே வார்த்தைகளை அதே நாளில் உலகத்தில் எத்தனையோ பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தானியேல் 6ஆம் அதிகாரத்தில், தன்னைத் தவிர யாரிடமும் வேண்டிக்கொள்ளக் கூடாது என்ற ராஜாவின் தடை வந்தபின் தானியேல் புதிதாக ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. தான் முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார், அவ்வளவுதான். பழக்கம் முதலிலேயே இருந்தது. நெருக்கடி வந்த பிறகு பழக்கத்தை உண்டாக்குவது ரொம்பக் கஷ்டம், அதனால் சூழ்நிலை ஓரளவு சுமுகமாக இருக்கிறபோதே தொடங்கிவிடுங்கள்.

ஜப்பானில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வது இந்த இடத்தில் உதவும். 1614ல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது, மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள், மிஞ்சிய குருமார்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் பிடிபட்டார்கள். அதற்கப்புறம் இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரு குருவானவர்கூட இல்லாமல், வேதாகமமும் கையில் இல்லாமல், சாதாரணக் கிராமத்து ஜனங்கள் விசுவாசத்தைக் கடத்தி வந்தார்கள். எப்படி? ஒருவர் திருநாள்களின் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார், ஒருவர் வீடு வீடாகச் செய்தி சொல்வார். ஜெபங்களை மனப்பாடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1865ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவானவர் பெத்திஜானிடம் தாங்களும் அதே விசுவாசம் உள்ளவர்கள் என்று சொன்னது. தடை நீங்கியது 1873ல்தான், இடைப்பட்ட வருஷங்களில் அந்த உரகாமிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு நாட்டின் வேறு பகுதிகளுக்கு விரட்டப்பட்டார்கள்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் 1865லேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். எல்லோரும் திரும்பிச் சபையில் சேரவில்லை. பல தலைமுறையாக வாய்வழியாக வந்ததில் சில இடங்களில் ஜெபங்களின் சொற்கள் திரிந்து, சொல்கிறவருக்கே பொருள் தெரியாமல் போயிருந்தன, சில குழுக்கள் தங்கள் முன்னோரின் வழக்கத்திலேயே தொடர்ந்தன. அவர்களைக் குறைசொல்ல நான் யார். ஆனால் நமக்கு அதில் தெரிகிற விஷயம் என்னவென்றால், தனியாக நெடுங்காலம் நிற்கலாம், ஆனால் திருத்துவதற்கு வெளியிலிருந்து ஒரு குரல் இல்லாவிட்டால் நாம் நம்புவது கொஞ்சம் கொஞ்சமாக நம்முடைய சொந்தத் தயாரிப்பாக மாறிவிடும். அதற்குத்தான் அடுத்தது.

ஒரே ஒரு ஆள்

குழு வேண்டும், வாலிபர் ஐக்கியம் வேண்டும், நல்ல சபை வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு ஆள் போதும், ஆரம்பிக்க. எலியாவுக்கு அந்த 7000 பேரின் பெயர்ப்பட்டியல் கொடுக்கப்படவில்லை, கூட நடக்க எலிசா ஒருவரின் பெயர்தான் கொடுக்கப்பட்டது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றால் "கண்டிப்பா" என்ற பதிலோடு முடிந்துவிடும். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பவுல் சிறையிலிருந்து எப்படிக் கேட்கிறார் பாருங்கள். தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான், முதல் விசாரணையில் ஒருவனும் என்னோடேகூட இருக்கவில்லை என்று நிலைமையை மறைக்காமல் சொல்கிறார். அப்புறம் சீக்கிரமாய் வா, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் கார்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்கிறார். ஆள், பொருள், காலம் எல்லாம் தெளிவு. "கர்த்தர் எனக்குத் துணையாக நின்றார்" என்று எழுதின அதே மனுஷன்தான் மேலங்கியையும் கேட்கிறார், இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை.

ஆகவே நீங்களும் இப்படி அனுப்பலாம்: "அக்கா, வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி, சில நாள் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் பதினைந்து நிமிஷம் போனில் பேசி, சேர்ந்து ஒரு சங்கீதம் படிக்கலாமா? ஒரு மாசம் செய்து பார்ப்போம், சரிவரவில்லை என்றால் விட்டுவிடலாம்." இதில் மறுக்கவும் வழி இருக்கிறது, ஒத்துக்கொள்ளவும் சுலபம். உங்களைவிட வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது, வேறு சபைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை. உங்களோடு எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகிறவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். முதலில் கேட்டவர் மறுத்தால் இரண்டாவது ஆளைக் கேளுங்கள், அவருடைய மறுப்பு பெரும்பாலும் அவருடைய நேரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இணையத்தில் பிரசங்கம் கேட்பதும் ஆராதனை பார்ப்பதும் உதவும், வேறு வழியில்லாதவருக்கு அது பெரிய கொடை. ஆனால் அந்தப் போதகருக்கு உங்கள் பெயர் தெரியாது, நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் தேட மாட்டார். அதோடு தினமும் யாரையாவது கள்ளப் போதகன் என்று திட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிற பக்கங்கள் இருக்கின்றன. அவை தனிமையாக இருப்பவருக்கு ஒரு கூட்டத்தில் சேர்ந்த உணர்வைக் கொடுக்கும், பதிலுக்கு மனசைக் கெடுக்கும். "உன் குடும்பத்தை விடு, பழைய நண்பர்களை விடு, எங்களோடு மட்டும் இரு" என்று எந்தக் குழுவாவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், அவர்கள் எவ்வளவு நன்றாக ஜெபித்தாலும் சரி.

பக்கத்தில் சபையே இல்லாத இடத்தில் இருப்பவர்கள், மாதம் ஒருமுறையாவது பயணம் செய்து திருவிருந்தில் பங்கெடுக்க ஒரு நாளைக் குறித்து வையுங்கள். ஜெபத்தையும் வேதவாசிப்பையும் தனியாகச் செய்யலாம், இது ஒன்று இன்னொருவர் கையிலிருந்து வாங்க வேண்டியது. போக முடியாத உடல்நிலை என்றால் போதகரையோ குருவானவரையோ வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள், அது அவருடைய ஊழியத்தின் பாகம், சங்கடப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் நீங்கள் மட்டும் என்றால்

1 பேதுரு 3ல் விசுவாசியாத கணவர்கள் "போதனையின்றி" மனைவியின் நடக்கையினாலே ஆதாயப்படுத்திக்கொள்ளப்படலாம் என்று எழுதியிருக்கிறது. அதை அப்பா அம்மாவோடு இருப்பவருக்கும் அண்ணன் தம்பியோடு இருப்பவருக்கும் எடுத்துக்கொள்ளலாம். வசனம் ஒட்டுவதைவிட, உங்கள் பங்கு வேலையை முனகாமல் செய்வது வீட்டாருக்குச் சீக்கிரம் கண்ணில் படும். ஜெபக்கூட்டத்துக்குப் போவதற்காக வீட்டு வேலையை மற்றவர் தலையில் கட்டினால், அவர்கள் கோபப்படுவது உங்கள் கிறிஸ்துமேல் இல்லை, உங்கள் மேல்தான்.

குடும்பத்தின் மதச் சடங்குகளில் எதில் கலந்துகொள்வது, எதில் ஒதுங்குவது என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் கூடியிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவது விசுவாசமாகத் தெரியாது, அவமானப்படுத்தலாகத்தான் தெரியும். ஒரு வாரம் முன்னாலேயே, வீட்டில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம், "அப்பா, நான் வந்து எல்லா வேலையும் செய்கிறேன், எல்லோரோடும் இருக்கிறேன், வழிபடுகிற நேரத்தில் மட்டும் வெளியே இருந்துகொள்கிறேன், கோபப்படாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். எல்லையை எங்கே போடுவது என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. 1 கொரிந்தியர் 8லும் 10லும் பவுல் இதைத்தான் நீளமாக அலசுகிறார், அவற்றைப் படித்து உங்கள் போதகரிடமும் கேளுங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், தன் ராஜா ரிம்மோன் என்ற சீரிய தெய்வத்தின் கோயிலில் பணியும்போது அவருக்குக் கைலாகு கொடுத்துத் தானும் பணிய வேண்டியிருக்குமே என்று தயங்கிக் கேட்டபோது எலிசா அவனைத் திட்டவில்லை, "சமாதானத்தோடே போ" என்றார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள்மேல் நாம் ஏற்றிவைக்கிற பாரத்தை நினைத்தால் அந்தப் பதில் எனக்கு எப்போதுமே ஆச்சரியம்தான்.

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து இருக்கிற வீட்டில் அல்லது நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அறிவிக்காமல் இருப்பது மறுதலிப்பு ஆகாது. ஆகாபின் அரண்மனையிலேயே வேலை பார்த்துக்கொண்டுதான் ஒபதியா அந்த நூறு பேரைக் காப்பாற்றினார். யூதருக்குப் பயந்து அந்தரங்கச் சீஷனாக இருந்த அரிமத்தியா யோசேப்புதான் பிலாத்துவிடம் போய் இயேசுவின் சரீரத்தைக் கேட்டார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசுவேதான். அடி உதைக்கு நடுவே பொறுத்திருப்பதுதான் சாட்சி என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதைக் கேட்காதீர்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

சபைக்குள்ளேயே தனிமை என்றால்

ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி அடுக்குவது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது, எதுவானாலும். ஆராதனை முடிந்து எல்லோரும் குழுக்குழுவாக நின்று பேசும்போது எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலுக்கு ஓடுகிறவர்களுக்கு, கையில் வேலை இருந்தால் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது, பக்கத்தில் வேலை செய்கிறவரோடு பேச்சு தானாக வந்துவிடும். சந்தேகங்கள்தான் உங்கள் பிரச்சினை என்றால் சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லாதீர்கள், போதகரிடம் தனியாக நேரம் கேட்டு, "இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதைவிட, இப்படிக் கேட்டால் என்னைத் தள்ளிவிட மாட்டீர்களே என்று தெரிந்தால் போதும்" என்றே சொல்லிவிடுங்கள். நல்ல போதகருக்கு அது புரியும். கேள்வி கேட்டதற்காகவே உங்களை அடக்கி வைக்கிற, மிரட்டுகிற இடம் என்றால் வேறு சபை பார்ப்பதில் பாவமில்லை. வெறும் சலிப்பு என்றால் மட்டும் அவசரப்பட வேண்டாம், புதிய சபையிலும் கொஞ்ச நாளில் அதே சலிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடவுளே பேசாமல் இருக்கிற மாதிரி இருந்தால்

மனிதர் யாரும் இல்லாததைவிட இது கடினம், இதற்கு என்னிடம் வழிமுறை குறைவு. சங்கீதம் 88ஐப் படியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்காவது நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அப்படியே வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே அதை ஜெபமாகச் சொல்லிவிட்டு, பின்னால் ஒரு ஸ்தோத்திரம் ஒட்டாமல் எழுந்துவிடலாம். அன்னை தெரசாவின் மறைவுக்குப் பின், 2007ல் வெளியான அவருடைய கடிதங்களில், பல பத்தாண்டுகளாகக் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே அவர் ஜெபித்து வேலை செய்துவந்தது தெரிந்தது. அதைப் படித்து அதிர்ச்சியடைந்தவர்கள் உண்டு, எனக்குத் தெரிந்த சிலர் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

இந்த மாதிரி நாள்களில் பெரிய முடிவு எடுக்க வேண்டாம். சபையை விடுவது, கல்யாணம், ஊழியத்துக்குப் போவது, எதுவுமே. கர்த்தருடைய ஜெபம் மூன்று வேளை, ஒரு சங்கீதம், வாரத்துக்கு ஒரு போன், இதை மட்டும் விடாமல் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவாகாது. செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் அடுத்த வாரப் போனுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, அந்த ஒரு ஆளையும் மருத்துவரையும் கூப்பிட்டு, எலியா சொன்ன மாதிரி அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் வந்து சேரும்வரை வீட்டில் இருக்கிற யாராவது உங்கள் பக்கத்தில் உட்காரட்டும், அவர் விசுவாசியா இல்லையா என்று பார்க்க வேண்டாம்.